குவாட் பைக் வாங்கப் போகிறீர்களா? ஒக்லாந்து வளவுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

ஒக்லாந்து நகரத்துக்குள் வாடகை வீட்டில் தொடங்கிய எம்மவர்களில் சிலர் இப்போது நகரத்தின் ஓரங்களை நோக்கி நகர்கிறார்கள். வடமேற்கே கூமியூ, ஹெலன்ஸ்வில், வடக்கே வார்க்வேர்த், தெற்கே பொம்பே குன்றுகளும் புகெகோஹேயும். இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று இங்கே 'லைஃப்ஸ்டைல் பிளொக்' எனப்படும் காணிகள். புகெகோஹேயின் எரிமலைச் செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கும் யாழ்ப்பாணத்தவருக்கு ஊர்த் தோட்டம் நினைவுக்கு வராமல் போகாது. இன்னும் சிலர் காணி வாங்கவில்லை. வேலை விசாவில் வந்து வைக்காட்டோப் பக்கத்துப் பாற்பண்ணைகளில் மாடு பார்க்கிறார்கள்.

இந்த இரு சாராரும் சீக்கிரமே சந்திக்கும் வாகனம் குவாட் பைக். நான்கு தடித்த ரயர்கள், மோட்டார் சைக்கிள் போன்ற கைபிடி, முன்னும் பின்னும் சாமான் தட்டு. வேலி பார்க்க, புல்லுக்கட்டு இழுக்க, களைநாசினி அடிக்க, மாடு சாய்க்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல புதிய வேலைக் குவாட் ஒன்று பத்தாயிரம் டொலரைத் தாண்டும். ஆனால் இந்தக் கட்டுரை பணத்தைப் பற்றி மட்டும் எழுதப்படவில்லை. நியூசிலாந்துப் பண்ணைகளில் அதிக உயிர்களை எடுக்கும் வாகனங்களில் இதுவும் ஒன்று. 2010ஆம் ஆண்டு அப்போதைய தொழில் திணைக்களம் குவாட் விபத்துகளைக் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, பண்ணைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து பேர் இறக்கிறார்கள், ஏறத்தாழ 850 பேர் காயப்படுகிறார்கள் என்ற கணக்கை முன்வைத்தது. ஆகவே எந்த நிறம், எந்தக் கொம்பனி என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு.

முதற்கேள்வி: உங்களுக்குக் குவாட் தேவையா?

அந்த 2010 இயக்கம் நான்கு விடயங்களையே திரும்பத் திரும்பச் சொன்னது. ஓட்டுபவருக்கு அந்த வேலைக்கான பயிற்சியோ அனுபவமோ இருக்கவேண்டும். வேலைக்கு ஏற்ற வாகனத்தைத் தெரிவு செய்யவேண்டும். எப்போதும் தலைக்கவசம் அணியவேண்டும். பெரியவர்களுக்கான குவாட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. இவற்றில் இரண்டாவதை, வாங்குவதற்கு முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் காணி தட்டையானதா? அப்படியானால் கையால் தள்ளும் வண்டியும் ஒரு சிறிய உழவு இயந்திரமும் போதுமாக இருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டிய வேலையா? அப்படியானால் குவாட் வேண்டாம். 'சைட்-பை-சைட்' என்று சொல்லப்படும், இரண்டு ஆசனங்கள், ஸ்டியரிங் வளையம், ஆசனப்பட்டி, தலைக்கு மேல் காப்புச் சட்டம் எல்லாம் உள்ள சிறு வாகனத்தைப் பாருங்கள். விலை கூட. ஆனால் ஆசனப்பட்டியைப் போட்டுக்கொண்டால் கவிழ்ந்தாலும் சட்டத்துக்குள்ளேயே இருப்பீர்கள். பட்டியைப் போடாமல் ஓட்டினால் அந்த நன்மை இல்லை. தனியாள், இலகுவான சுற்று, ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் ஓடிப் பழக்கம் என்றால், இரு சக்கரப் பண்ணை மோட்டார் சைக்கிளும் ஒரு தெரிவுதான்.

சரிவும் சேறும் உள்ள காணி, தனியாளாகச் செய்யும் வேலை, ஓரளவு சாமான், ஒடுக்கமான பாதைகள்: இந்த நான்கும் சேரும் இடத்தில்தான் குவாட்டுக்கு உண்மையான பயன்.

ஏன் கவிழ்கிறது?

இதன் பிறப்பைப் பார்த்தால் விளங்கும். 1970இல் ஹொண்டா மூன்று சக்கர வாகனமாக இதை விற்கத் தொடங்கியது. 1982இல் சுசுகி நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. மூன்று சக்கர வகை மிகவும் ஆபத்தானது என்று கண்டு 1988இல் அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்த உற்பத்தியாளர்கள் உடன்பட்டார்கள். நான்கு சக்கர வகை நிலைத்தது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒடுங்கிய அகலம், உயர்ந்த பாரமையம், ஓட்டுபவரின் உடலே சமநிலையின் ஒரு பகுதி.

நீளமான ஆசனத்தைப் பார்த்து, "இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதே" என்று எண்ணுவோம். அது இரண்டாவது ஆளுக்கான இடமன்று. ஏறும்போது முன்னுக்கும், இறங்கும்போது பின்னுக்கும், சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கத்துக்கும் ஓட்டுபவர் தன் உடலை நகர்த்துவதற்கான இடம் அது. பின்னால் ஒருவர் இருந்தால் நகர இடமில்லை; பாரமும் பின்சக்கரத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. இரண்டு பேருக்கென்றே தயாரிக்கப்படும் சில மாதிரிகளைத் தவிர, மற்றவை எல்லாம் தனியாள் வாகனங்கள்.

எடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் குவாட் ஒன்று சாதாரணமாக 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். 300 கிலோ என்றால் ஊரில் நாம் தூக்கிய 50 கிலோ சீமெந்து மூட்டையில் ஆறு. அது மார்பின் மேல் விழுந்தால் எலும்பு முறியாவிட்டாலும் மூச்சு விட முடியாது. குவாட் மரணங்களில் பல இப்படித்தான்: அடிபட்டதால் அல்ல, அடியில் அகப்பட்டு மூச்சுத் திணறியதால். தனியாகப் போனவரை மாலையில்தான் வீட்டார் தேடிப் போவார்கள்.

பாரக் கணக்கு

விற்பனையாளரிடம் போனால் எஞ்சின் பலத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். நீங்கள் கேட்கவேண்டியது நான்கு எண்கள்: முன் தட்டு தாங்கும் எடை, பின் தட்டு தாங்கும் எடை, ஓட்டுபவர் உட்பட மொத்தமாகத் தாங்கும் எடை, இழுக்கக்கூடிய எடை. இவை கைநூலிலும் வாகனத்தில் ஒட்டப்பட்ட எச்சரிக்கை வில்லையிலும் இருக்கும்.

ஓர் உதாரணம். மொத்தம் 220 கிலோ, பின் தட்டு 85 கிலோ தாங்கும் என்று எழுதப்பட்ட வாகனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 80 கிலோ. 100 லீற்றர் மருந்துத் தாங்கி வாங்கியிருக்கிறீர்கள். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 100 கிலோ. தாங்கியும் பம்பியும் இன்னொரு 20 கிலோ. கூட்டினால் 200. "எல்லைக்குள் இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் பின் தட்டில் இருப்பது 120 கிலோ, அனுமதித்தது 85. முன்சக்கரம் இலேசாகி, மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும். இந்த வாகனத்துக்கு 60 லீற்றர் தாங்கி சரி. 100 லீற்றர் என்றால் அதைச் சிறு ட்ரெயிலரில் இழுக்கவேண்டும்.

திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பாதி நிரம்பிய தாங்கியில் தண்ணீர் தளும்பும். சரிவில் வளையும்போது அத்தனை எடையும் ஒரே கணத்தில் பள்ளப் பக்கத்துக்குப் பாயும். உள்ளே தடுப்புச் சுவர்கள் உள்ள தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. குத்தகைக்கு எடுத்த காணியில் முதல் குளிர்காலம். கோர்ஸ் எனப்படும் மஞ்சட்பூ முட்செடிக்கு மருந்து அடித்துக்கொண்டு சரிவில் குறுக்கே போனேன். தாங்கியில் பாதித் தண்ணீர். மழை நனைத்த களிமண். மேட்டுப் பக்கச் சக்கரங்கள் எழும்பியது மட்டும் தெரிந்தது. மேட்டுப் பக்கமாகப் பாய்ந்தேன். பைக் இரண்டு தரம் உருண்டு வேலியில் போய் நின்றது. பள்ளப் பக்கமாகப் பாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. தலைக்கவசம் கராஜில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி அன்று என்னைப் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தக் கவசத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

எஞ்சினும் கியரும்

சிறிய காணிக்கு 400 சிசி அளவே தாராளம். ஹொண்டாவின் டிஆர்எக்ஸ் 420, சிஎஃப்மோட்டோவின் சிஃபோர்ஸ் 400 போன்றவை இந்த வகுப்பு. 500 சிசி வகுப்பில் சுசுகி கிங்குவாட் 500, ஹொண்டா டிஆர்எக்ஸ் 520, பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 போன்றவை. பெரிய காணி, பாரமான ட்ரெயிலர், கடும் சரிவு உள்ளவர்களுக்கு. யமஹா கிரிஸ்லி 700, கிங்குவாட் 750 போன்றவற்றின் பலம் ஐந்து ஏக்கருக்குத் தேவைப்படாது. பலம் கூடினால் பெரும்பாலும் எடையும் கூடும். விழுந்தால் தூக்கவேண்டியதும் அதுதான்.

கியரில் இரண்டு வழிகள். ஹொண்டாவின் வேலைக் குவாட்டுகள் பற்சக்கரக் கியரை நம்புகின்றன: காலால் மாற்றுவது, பொத்தானால் மாற்றுவது, தானாகவே மாறும் இரட்டைக் கிளச் என்று வகைகள் உண்டு. சுசுகி, யமஹா, பொலாரிஸ், கான்-ஆம், சிஎஃப்மோட்டோ ஆகியவை பெரும்பாலும் பட்டியில் இயங்கும் தானியங்கி முறை. பட்டி முறை புதியவருக்கு இலகு; கையின் பெருவிரலால் முடுக்கினால் போகும். ஆனால் பட்டி தேயும், வெள்ளம் புகுந்தால் வழுக்கும், காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். பற்சக்கர முறை பழக நாளெடுக்கும், பராமரிப்பு குறைவு.

இதில் கட்டாயம் சோதிக்கவேண்டியது எஞ்சின் தடை. செங்குத்தான இறக்கத்தில் முடுக்கியை விட்டவுடன் வாகனம் தானே மெதுவாகவேண்டும். சில பழைய பட்டி முறை வாகனங்கள் வேகம் குறைந்ததும் பிடியை விட்டுவிட்டுச் சும்மா உருளத் தொடங்கும். நனைந்த புல்லில் பிறேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டி வழுக்கும். ஓடிப் பார்க்கும்போது, பாதுகாப்பான ஒரு சிறு இறக்கத்தில் இதை உணர்ந்து பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கம் ஒக்லாந்துக் களிமண்ணுக்குத் தேவை. மே முதல் செப்ரெம்பர் வரை இந்த மண் சவர்க்காரம் மாதிரி. பின் அச்சு இரு வகை. ஒரே திண்ம அச்சு உள்ளவை எளிமையானவை, பாரத்தில் தாழாதவை. ஆனால் திரும்பும்போது புல்லைக் கிழிக்கும், மேடு பள்ளத்தில் முதுகை உலுக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக அசையும் வகை சொகுசானது, அடி உயரம் கூடியது. விலையும் தேயும் பாகங்களும் கூட. நாரி நோவுக்காரர் இரண்டாவதைப் பார்க்கலாம்.

ரயர் காற்று சிறிய விடயமாகத் தெரியும். காருக்கு 32 பிஎஸ்ஐ போல அடிக்கிறோம். குவாட் ரயருக்குப் பெரும்பாலும் 4 முதல் 7 வரைதான். காருக்கான அளவி அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்த அளவி ஒன்றைத் தனியாக வாங்கவேண்டும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 6 என்று இருந்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். சரிவில் அதுவே கவிழப் போதும்.

நசிவுக் காப்பு: அவுஸ்திரேலியா சொன்ன பாடம்

ஓட்டுபவருக்குப் பின்னால் எழுப்பப்படும் ஒரு கம்பி அல்லது வளைவு, குவாட் கவிழும்போது அதன் முழு எடையும் ஆளின் மேல் இறங்காமல் ஓர் இடைவெளியை உண்டாக்கும். இதை நசிவுக் காப்பு எனலாம். இங்கே பரவலாகத் தெரிந்தவை இரண்டு. 'குவாட்பார்' அவுஸ்திரேலியாவில் உருவானது. கொண்டை ஊசி வடிவில் பின்னால் நிமிர்ந்து நிற்கும் கம்பி. 'லைஃப்கார்ட்' நியூசிலாந்தில் உருவானது. துண்டு துண்டாகக் கோத்த வளைவு, ஆளின் மேல் விழுந்தால் அவருடைய உடலைச் சுற்றி வளைந்து கொடுக்கும்.

உற்பத்தியாளர்கள் நீண்டகாலம் இவற்றை எதிர்த்தார்கள். கம்பியே ஆளைக் காயப்படுத்தும், பயிற்சியும் தலைக்கவசமுமே வழி என்பது அவர்களின் வாதம். அவுஸ்திரேலியா அதை ஏற்கவில்லை. 2019இல் கட்டாயப் பாதுகாப்புத் தரம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2021 ஒக்ரோபர் 11 முதல் நடைமுறைக்கு வந்தது: பொதுப்பாவனைக்கான ஒவ்வொரு புதிய குவாட்டிலும் காப்புச் சாதனம் இருக்கவேண்டும், பக்கவாட்டில் 0.55, முன்பின்னாக 0.8 என்ற குறைந்தபட்ச நிலைத்தன்மை விகிதமும் வேண்டும். 0.55 என்றால், சாய்க்கும் மேசையில் ஏறத்தாழ 29 பாகை சாயும்வரை சக்கரம் எழும்பக்கூடாது என்று பொருள். இந்தத் தரத்தோடு ஹொண்டா, யமஹா, பொலாரிஸ் முதலிய பெரிய பெயர்கள் அந்த நாட்டின் குவாட் சந்தையை விட்டு விலகின.

நியூசிலாந்து அந்த அளவுக்குப் போகவில்லை. 2019இல் வேர்க்சேஃப், வேலைக்குப் பாவிக்கும் குவாட்டுகளில் நசிவுக் காப்பைப் பொருத்தும்படி வலுவாகப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயச் சட்டம் அல்ல. ஆகவே கடையில் நிற்கும் புதிய குவாட்டில் அது இருக்காது. நீங்கள் கேட்டுப் பூட்டவேண்டும். பேரம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக "காப்பைப் பூட்டித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மரக்கிளை தாழ்ந்த தோட்டங்களில் கம்பி மாட்டும் என்பது உண்மையான குறைதான். அங்கே வளைவு வகை வசதி.

தலைக்கவசத்தில் பண்ணை வேலைக்கென்றே நியூசிலாந்துத் தரம் 8600 உண்டு. அது பாரமில்லாதது, காற்றோட்டமானது. குறைந்த வேகத்துக்கு உரியது. வேகமாகச் சவாரி போனாலோ வீதியில் ஏறினாலோ மோட்டார் சைக்கிள் தலைக்கவசமே வேண்டும்.

பிள்ளைகளும் அப்பப்பாவும்

இங்கேதான் எமது குடும்பங்களின் பழக்கம் குறுக்கே வருகிறது. ஊரில் உழவு இயந்திரத்தின் மட்காட்டில் குந்தி வயலுக்குப் போனவர்கள் நாங்கள். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கோவில் திருவிழாவுக்குப் போனோம். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பலருடைய வீடு முழுவதும் அப்படியொரு பெட்டிக்குள்தான் அடங்கியது. வாகனத்தில் தொங்கிப் போவது எமக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை, நினைவாகத்தான் தெரிகிறது.

அதனால்தான் சனிக்கிழமை பின்னேரம் சான்ட்ரிங்ஹாமில் இருந்து உறவினர் வந்தால், முதல் வேலை பிள்ளைகளைக் குவாட்டில் ஏற்றிப் படம் எடுப்பது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் மாமா. அந்தப் படம் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் போகும். அந்தப் படத்தில் இருக்கும் மாமாவுக்கு உடலை எந்தப் பக்கமும் நகர்த்த முடியாது என்பது யாருக்கும் தெரியாது.

90 சிசிக்கு மேற்பட்ட குவாட்டுகளை 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது என்று உற்பத்தியாளர்களே வாகனத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். பதினான்கு வயதுப் பையன் அப்பாவை விட உயரமாக இருக்கலாம். எடையும் முடிவெடுக்கும் நிதானமும் அந்த அளவுக்கு வந்திராது. பிள்ளைக்கு ஓடத்தான் வேண்டும் என்றால், வயதுக்கு உரிய சிறு வாகனம், தட்டையான நிலம், கண்பார்வைக்குள்.

ஊரில் இருந்து வந்து நிற்கும் அப்பப்பாவுக்கும் இதே விதி. அவர் முப்பது வருடம் உழவு இயந்திரம் ஓட்டியவராக இருக்கலாம். அந்த அனுபவம் குவாட்டுக்குப் பொருந்தாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பும் வாகனம் வேறு, உடலைச் சாய்த்து ஓட்டும் வாகனம் வேறு. வேலை முடிந்ததும் திறப்பைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். களவுக்கும் அது நல்லது. நாட்டுப்புறங்களில் குவாட் களவு போவது சாதாரணம்.

பண்ணையில் வேலை செய்பவருக்கு

வேலை விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, 2015ஆம் ஆண்டின் வேலைத்தளச் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பான வாகனமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. தலைக்கவசத்தை அவர்தான் தரவேண்டும்; அதற்காகச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பிறேக் இல்லாத குவாட்டில் செங்குத்துச் சரிவுக்குப் போகச் சொன்னால், கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பும் வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விசா முதலாளியோடு கட்டுப்பட்டிருக்கும்போது வாய் திறப்பது எளிதல்ல என்பது தெரியும். "எனக்கு இதில் பழக்கமில்லை, ஒருமுறை காட்டித் தாருங்கள்" என்று கேட்பதாவது தொடக்கமாக இருக்கட்டும். ஓட்டத் தெரியும் என்று பொய் சொல்லி வேலையில் சேர்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

காயம் ஏற்பட்டால் ஏசிசி உண்டு. யாருடைய பிழை என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவில் உதவும். உழைப்பவருக்கு வேலை செய்ய முடியாத காலத்தில் பொதுவாக வருமானத்தின் 80 சதவீதம் வரை கிடைக்கும். சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்குக்கூட இங்கு நடந்த விபத்துக் காயத்துக்கான சிகிச்சை உதவி உண்டு. ஆகவே பயத்தில் மறைக்கவேண்டாம். வைத்தியரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வீதியும் கடற்கரையும்

தனியார் காணிக்குள் ஓட்டுவது ஒன்று. வீதியில் ஏறுவது வேறு. வீதியில் குவாட் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். கார் வகுப்பு அனுமதிப்பத்திரமே இதற்கும் செல்லும். வாகனமும் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். பண்ணையின் ஒரு பகுதியில் இருந்து மறுபகுதிக்கு வேலையாகப் போவோருக்குச் சில சலுகைகள் உண்டு. பால் வாங்க மூலைக்கடைக்குப் போவது பண்ணை வேலை ஆகாது.

முரிவாய் கடற்கரையின் நீண்ட கருமணல் பலருக்கும் ஆசை. சட்டப்படி அந்தக் கடற்கரை ஒரு வீதி. வீதி விதிகள் எல்லாம் அங்கும் உண்டு. ஒக்லாந்து மாநகரசபையின் வாகன அனுமதியும் எடுக்கவேண்டும். தெற்கே கரியோய்ட்டாஹி கடற்கரைக்கும் அப்படியே. மணல்மேடுகளில் ஏறக்கூடாது, பறவைகள் கூடு கட்டும் இடங்கள் அவை. தட்டையான மணலில் வேகம் தெரியாது. அலை அறுத்த ஒரு சிறு ஓடை குறுக்கே வந்தால் மட்டும் தெரியும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

சவாரிக்கென்றே தயாரிக்கப்படும் விளையாட்டுக் குவாட்டுகள் தாழ்வானவை, இலேசானவை, சாமான் தட்டு இல்லாதவை. வேலைக் குவாட்டை வாங்கிவிட்டு அதை அப்படி ஓட்டாதீர்கள். வேலைக்கும் அமைதியான சவாரிக்கும் ஒரே வாகனம் வேண்டுமென்றால், தனித்தனியாக அசையும் பின் அச்சும் நடுத்தர எஞ்சினும் உள்ளது பொருந்தும். ஓடப் போகும் முன் தட்டில் உள்ள சாமானையும் தாங்கியையும் கழற்றிவிடுங்கள்.

பழையது வாங்குவோருக்கு

முதலில் பணப்பக்கம். 'ட்ரேட் மீ'யில் தனியாரிடம் வாங்கினால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களைக் காக்காது. விற்பனையாளரிடம் வாங்கினால் காக்கும். ஆனால் தொழிலுக்காக வாங்குவதாக எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டிருக்கலாம். கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். வாகனத்தின் மேல் கடன் உண்டா என்று பிபிஎஸ்ஆர் எனப்படும் அரசாங்கப் பிணைப் பதிவேட்டில் சில டொலருக்குத் தேடலாம். சட்டத்தில் பொறித்த எண்ணும் பத்திர எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். காணியைத் தொழிலாக நடத்தி ஜிஎஸ்ரிக்குப் பதிவு செய்தவர்கள், தொழிலுக்குப் பாவிக்கும் அளவுக்கு 15 சதவீத வரியை மீளக் கோரலாம், கணக்காளரிடம் கேளுங்கள்.

பிறகு வாகனம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. படுத்துப் பார்த்து, சட்டத்தில் புதிய வெல்டிங், வளைவு உண்டா என்று தேடுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, புல்லில் முன்சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் உழைத்த பிறேக் பெரும்பாலும் செத்திருக்கும். இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். கைபிடி நுனிகளும் சாமான் தட்டு மூலைகளும் தேய்ந்திருந்தால் அது கவிழ்ந்த வாகனம். பெயின்ற் பளபளப்பதை நம்பாதீர்கள். கழுவாமல் விற்பவர் சில வேளை நேர்மையானவர்.

புதியது வாங்குவோர் ஜூன் மாதத்தில் ஹமில்டனுக்கு அருகே மிஸ்டரி கிறீக்கில் நடக்கும் தேசிய விவசாயக் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வரலாம். 1969இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் பல கொம்பனிகளின் வாகனங்களை ஒரே நாளில் ஏறி இருந்து பார்க்க முடியும். உங்கள் உயரத்துக்குக் கை எட்டுகிறதா, முழங்கால் இடிக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்து அறிய முடியாது.

வாங்கிய பிறகு

முதல் வாரம் வேலைக்கு எடுக்காதீர்கள். தட்டையான நிலத்தில், தட்டில் சாமான் இல்லாமல் பழகுங்கள். பயிற்சி வகுப்புகள் உண்டு. ஒரு நாள் போனால் போதும். நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். சரிவின் நடுவே திருப்பாதீர்கள். ஏறும்போது எஞ்சின் நின்றால் பின்னோக்கி உருள விடாமல் பிறேக்கைப் பிடித்து மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். சந்தேகமான இடத்தில் நடந்து போங்கள்.

தனியாகப் போகும்போது எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லுங்கள். தொலைபேசி பைக்கின் பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கவேண்டும். பைக்குக்கு அடியில் கிடப்பவரின் கை பெட்டிக்கு எட்டாது. சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்குகளுக்கு 406 மெகாஹேர்ட்ஸ் அவசர இடங்காட்டி ஒன்றை வாங்கலாம். நியூசிலாந்தில் அதைப் பதிவு செய்வது இலவசம். அவசர அழைப்பு 111.

போரையும் கடலையும் முகாம்களையும் தாண்டி, இந்தத் தீவில் ஒரு துண்டு மண் தேடிக்கொண்ட குடும்பங்கள் நாங்கள். அந்த மண்ணிலேயே, ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தில், விற்பனைக் கடையில் யாரும் சொல்லாத ஒரு காரணத்துக்காக ஓர் உயிரைக் கொடுக்கவேண்டியதில்லை. முதலில் தலைக்கவசத்தை வாங்குங்கள். பிறகு காப்பை விலை பேசுங்கள். பைக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.